மான் வேட்டைக்கு எந்த நம்பர் ரைபிள்?

நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை டெக்சாஸில் வெள்ளைவால் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே துப்பாக்கிக் கடைகளில் கூட்டம் ஏறிவிடும். போன வருடம் என் சித்தி மகனும் கூட வந்தான். சுவர் முழுக்க ரைபிள்கள், அலமாரி முழுக்கத் தோட்டா டப்பாக்கள், எல்லாவற்றின் மேலும் எண்கள்: .243, .270, .308, .30-06, 6.5. ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதோரம் கேட்டான்: "அண்ணா, பெரிய நம்பர்தானே நல்லது?"

அவனுக்குக் கடையில் நின்றபடி பாதியும், வீட்டுக்கு வரும் வழியில் காரில் மீதியும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். மானைச் சுடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, புரிகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில்தான். அமெரிக்காவின் நிலைமை வேறு. ஓநாயும் பூமாவும் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போய், வெள்ளைவால் மான் கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. எத்தனை மான், எந்த மாதம், எந்த ஆயுதம் என்று மாநில வனவிலங்குத் துறைதான் வரையறுக்கிறது. ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி போட்டு, அதை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கும் சட்டம் 1937லிருந்து இருக்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போதைக்கு எண்களுக்கு வருவோம்.

எண் என்ன சொல்கிறது?

முதலில் தோட்டாவையும் குண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி வைக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். கூடு துப்பாக்கியிலேயே நின்றுவிடும், பிறகு வெளியே தள்ள வேண்டும்.

கேலிபர் என்பது விட்டம். குழலின் உள்விட்டம் என்றும் சொல்லலாம், குண்டின் விட்டம் என்றும் சொல்லலாம், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்கர்கள் அதை அங்குலத்தில் சொல்வார்கள். .308 என்றால் 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஐரோப்பிய வழக்கத்தில் மில்லிமீட்டரும் கூட்டின் நீளமும் சேர்ந்து வரும். 7.62×51 என்று ராணுவத்தார் சொல்வதும் கடையில் .308 வின்செஸ்டர் என்று விற்பதும் கிட்டத்தட்ட ஒரே தோட்டா.

இதுவரை சரி. இதற்கு மேல்தான் குழப்பம். .30-06ல் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்ட 1906ஆம் ஆண்டு. .30-30ல் இரண்டாவது 30, ஆரம்பத்தில் அதற்குள் அடைத்த மருந்தின் எடை. .270 வின்செஸ்டரின் குண்டை அளந்து பார்த்தால் .277 அங்குலம் இருக்கும். நம் ஊர் இனிஷியல் மாதிரிதான் இது. ஒருவருக்கு அப்பா பெயர், இன்னொருவருக்கு ஊர்ப் பெயர், மூன்றாமவருக்கு இரண்டும் சேர்ந்து. எழுத்தைப் பார்த்து ஆளைக் கணிக்க முடியாது.

"பெரிய நம்பர் நல்லதா" என்ற கேள்வி இங்கேயே விழுந்துவிடுகிறது. .30-30, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் நான்கும் ஒரே .308 அங்குலக் குண்டைத்தான் எறிகின்றன. பின்னால் இருக்கும் மருந்தின் அளவும் அது தாங்கும் அழுத்தமும்தான் வேறு. 150 கிரெயின் எடையுள்ள குண்டை .30-30 நொடிக்குச் சுமார் 2400 அடி வேகத்தில் தள்ளும். .308 சுமார் 2800, .30-06 சுமார் 2900, .300 மேக்னம் 3200க்கும் மேல்.

கிரெயின் என்பது பழைய காலத் தானியமணி எடை. நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்ததைப் போல. ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் வரும். 150 கிரெயின் என்பது 10 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட ஒன்றேகால் பவுன்.

எடையும் வேகமும் சேர்ந்தால் ஆற்றல். குண்டின் எடை இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. ஆற்றலை அடி-பவுண்டில் சொல்வார்கள்: ஒரு பவுண்டை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கத் தேவையான உழைப்பு. மேலே சொன்ன நான்கும் குழலை விட்டுப் புறப்படும்போது முறையே 1900, 2650, 2800, 3500 அடி-பவுண்டு வாக்கில் சுமந்து போகும்.

மானுக்கு எவ்வளவு போதும்? வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு, குண்டு மானைத் தொடும்போது 1000 அடி-பவுண்டு மிச்சம் இருக்க வேண்டும் என்பது. கொலராடோ மாநிலம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. குறைந்தது .24 கேலிபர், 70 கிரெயின் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு. இங்கிலாந்தில் பெரிய மான் இனங்களுக்கு .240 கேலிபரும், குழல் வாயில் 1700 அடி-பவுண்டும் வேண்டும். இந்த வரம்புகளை .243 என்ற சின்னத் தோட்டாவே தாண்டிவிடுகிறது. அதன் 100 கிரெயின் குண்டு 1900க்கு மேல் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறது.

ஆக, கடைச் சுவரில் பார்த்த எல்லா எண்ணும் மானுக்குப் போதும். போதுமா என்ற கேள்வி அங்கே முடிந்தது. நமக்கு எது பொருந்தும் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

தோளில் விழும் உதை

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை ஓங்கும்போது நீட்டிய கை தானாகப் பின்னால் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? இழுக்கக் கூடாது, இழுத்தால் இரண்டு அடி கூட விழும் என்று தெரியும். இருந்தும் கை இழுக்கும். ரைபிளிலும் அதேதான். குண்டு முன்னால் போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். நாலைந்து முறை வாங்கிய உடம்பு அடுத்த உதையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசையை அழுத்தும் நொடியில் கண் இறுகும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். சுடுபவருக்கே இது தெரியாது. ரைபிள் சரியில்லை, குறி பார்க்கும் ஸ்கோப் சரியில்லை என்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நண்பரிடம் ரைபிளைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஓரிரண்டு டம்மித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். அப்போது குழல் அசையாமல் நின்றால் நல்லது. குழல் முனை வெடுக்கென்று குனிந்தால், நீங்கள் பிரம்புக்குக் கையை இழுக்கிறீர்கள்.

உதையையும் அடி-பவுண்டில்தான் சொல்வார்கள். 8 பவுண்டு எடையுள்ள ரைபிளில் .243 சுமார் 9 உதைக்கும். 6.5 கிரீட்மோர் (இந்த 6.5 மில்லிமீட்டர், அதன் கதை பின்னால் வரும்) 12 வாக்கில், .308 17, .30-06 20. .300 மேக்னம் 27, 28 என்று போகும். ரைபிளின் எடை குறைந்தால் உதை கூடும். மலையேற வசதியாக இருக்குமே என்று இறகு போன்ற ரைபிளை வாங்கும் புதியவர்கள் பாதிப் பேர் பிறகு அதை எடுப்பதே இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என்னுடைய முதல் .300 மேக்னத்தை ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். அதில் நான் சுட்ட தோட்டா நாற்பதைத் தாண்டாது, அதில் மானைப் பார்த்துச் சுட்டது ஒன்றுமே இல்லை.

மான் அடி-பவுண்டால் சாவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலம், டிபன் தட்டு ஒன்றின் அளவு. குண்டு அதற்குள் போனால் .243 ஆனாலும் .30-06 ஆனாலும் மான் சில நொடிகளில், சில பத்து கஜங்களுக்குள் விழுந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் மேக்னமும் காப்பாற்றாது. காயத்தோடு ஓடிய மானை இருட்டும் வரை ரத்தத் துளி பார்த்துத் தேட வேண்டியதுதான். அது கொடுமையான வேலை, மானுக்கு இன்னும் கொடுமை.

தூரம் உங்கள் கையில்

இந்தத் தட்டுக் கணக்கை வைத்தே உங்கள் எல்லையை அளந்துவிடலாம். மேஜையில் மணல் மூட்டை வைத்துச் சுடும்போது நல்ல ரைபிள் 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் மூன்று துளை போடும். அது ரைபிளின் திறமை. இப்போது மூட்டையை எடுத்துவிட்டு, காட்டில் உட்கார்வது போல முழங்காலில் முழங்கையை ஊன்றிச் சுடுங்கள். புதியவருக்குத் துளைகள் நாலு அங்குலத்துக்குப் பரவும். அது உங்கள் திறமை. 100 கஜத்தில் 4 அங்குலம் என்றால் 200ல் 8, அதாவது தட்டு முடிந்தது. காற்று, படபடப்பு இதெல்லாம் சேர்க்காமலே உங்கள் எல்லை 200 கஜம். தோட்டா 600 கஜம் வரை போகும் என்று டப்பாவில் போட்டிருப்பது உங்களுக்கு எழுதியதில்லை.

மரம் அடர்ந்த காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்ளேதான் கண்ணில் படும். பென்சில்வேனியா போன்ற காட்டுப் பகுதிகளில் .30-30 இன்னும் ஓய்வு பெறாததற்கு இதுதான் காரணம். 1895லிருந்து இருக்கும் தோட்டா அது. லீவரை இழுத்து இழுத்துச் சுடும் வின்செஸ்டர் 1894 ரைபிளுக்காகப் பிறந்தது. குழாய் வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூரான குண்டின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் ப்ரைமரைக் குத்திவிடலாம் என்பதால் பெரும்பாலும் மொட்டை முனைக் குண்டுதான் போடுவார்கள். மொட்டை முனை காற்றைக் கிழிக்காது, வேகம் சீக்கிரம் குறையும். 200 கஜத்துக்கு மேல் .30-30 உங்களை ஏமாற்றிவிடும்.

மேற்கே வயோமிங், கொலராடோ போன்ற திறந்த வெளிகளில் 300 கஜம் சாதாரணம். அங்கே தட்டையாகப் பறக்கும் தோட்டா வேண்டும். 1925ல் வந்த .270 வின்செஸ்டர் அங்கேதான் பெயர் வாங்கியது.

பறக்கும் குண்டு எப்படிப்பட்டது

கேலிபரைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுபவர்கள் குண்டின் வகையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எனக்கு அது எப்போதும் ஆச்சரியம். முழுக்கச் செம்பு உறை போர்த்திய குண்டு மலிவு, இலக்குப் பயிற்சிக்கு நன்று. மானுக்கு ஆகாது. விரியாமல் ஊசி போல ஊடுருவிப் போய்விடும், காயம் சிறிது, சாவு தாமதம். பல மாநிலங்களில் அதை வைத்து மான் சுடுவது சட்டப்படியே தவறு. வேட்டைக் குண்டின் முனையில் ஈயம் திறந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் முனை இருக்கும். உடம்பில் பட்டதும் காளான் போல விரியும்.

ஈயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவந்த குடலில் இருந்த ஈயத் துணுக்குகளைத் தின்று கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் செத்தன. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டாதான். உறை மட்டுமல்லாமல் முழுவதும் செம்பாலான, விரியும் குண்டுகள் விலை கூடுதல், ஆனால் நன்றாகவே வேலை செய்கின்றன. வீட்டுக்குக் கறி கொண்டுபோகிறவர், அதுவும் குழந்தைகள் சாப்பிடும் வீடு என்றால், கலிபோர்னியாவில் இல்லாவிட்டாலும் செம்பை யோசிக்கலாம்.

இலக்குச் சுடுதலுக்கு வேறு கணக்கு

காகிதத்தைக் கொல்ல ஆற்றல் தேவையில்லை. அங்கே தேவை மூன்று: உதை குறைவு, தோட்டா மலிவு, துல்லியம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது 1887ல் பிறந்த .22 லாங் ரைபிள். ஒரு தோட்டாவுக்குச் சில சென்ட்தான் செலவு, உதை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் போட்டி இன்றும் இதில்தான் நடக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிளில் இதைவிடச் சிறிது, 4.5 மில்லிமீட்டர் பெல்லட். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். குறி பார்க்கும் கலைக்குப் பெரிய எண் எதுவும் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தொலைதூர இலக்கு, 600 கஜம், 1000 கஜம் என்று போகும்போது எதிரி காற்று. நீளமான, ஒல்லியான குண்டு காற்றுக்கு அசைவது குறைவு. 6.5 கிரீட்மோரின் கதை இதுதான். ஹார்னடி நிறுவனம் 2007ல் இதைப் போட்டிக்காரர்களுக்காகச் செய்தது. பெயர்கூட நியூயார்க் லாங் தீவில் இருந்த கிரீட்மோர் சுடுதளத்தினுடையது. 1874ல் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 1000 கஜம் வரை மோதிய இடம். .264 அங்குல விட்டம், நீண்ட குண்டு, .308ஐவிடக் குறைந்த உதை. காற்று தள்ளும் தூரமும் .308ஐவிடக் கணிசமாகக் குறைவு. போட்டிக்காரர்களிடமிருந்து வேட்டைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஓடுகிறது. இதைக் கேலி செய்வதற்கென்றே சில பெரிசுகள் இருக்கிறார்கள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம்.

குழலின் ஆயுளும் இலக்குக்காரர் கணக்கில் வர வேண்டும். சின்னத் துளை வழியே நிறைய மருந்தை எரித்தால் குழலின் அடிப்பகுதி சீக்கிரம் அரிக்கும். .308 குழல் சுமார் 5000 தோட்டா தாங்கும் இடத்தில் .243 அதில் பாதிகூடத் தாங்காது. வருடத்துக்கு இருபது தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வாரம் நூறு சுடுபவருக்கு .243 என்றால் அரை வருடத்திலேயே புதுக் குழல்.

சரி, என் தேர்வு? மானுக்கும் இலக்குக்கும் சேர்த்து ஒரே ரைபிள் என்றால் 6.5 கிரீட்மோர் அல்லது .308. எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்க வேண்டும் என்றால் .308. தோள் மெலிந்தவர், பதின்வயதினர் என்றால் .243. 7எம்எம்-08 ரெமிங்டன் இரண்டுக்கும் நடுவே அருமையாக உட்காரும், அதிகம் பேர் பேசாததுதான் அதன் குறை. .223ஐ டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது, கைதேர்ந்தவர்கள் அதில் மான் எடுக்கிறார்கள். முதல் வருடத்துக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன், பிழைக்கு இடமே தராத தோட்டா அது. ஒஹாயோவில் இருப்பவர் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம். அங்கே மானுக்குக் கழுத்துக் குறுகாத நேர்ச்சுவர்க் கூடு கொண்ட தோட்டாதான் சட்டப்படி செல்லும், 2019ல் வந்த .350 லெஜண்ட் போல.

இரண்டு எச்சரிக்கை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. இதில் நண்பர் சொன்னார் என்று இறங்கக் கூடாது, வக்கீலைக் கேளுங்கள். அடுத்து, குழல் மேல் பொறித்திருக்கும் பெயரும் டப்பா மேல் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைபிளுக்குள் சமத்தாகப் போய் உட்காரும். சுட்டால் ரைபிள் முகத்துக்கு முன்னால் வெடித்துச் சிதறும்.

சித்தி மகனிடம் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இருந்ததால் அந்தக் கவலை இல்லை. கடையில் அவன் கை .300 மேக்னத்தின் மேல்தான் இருந்தது. நான் அவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் என் .308ஐக் கொடுத்து, நடுவில் ஒரு டம்மியைச் செருகினேன். 'டிக்' என்றது. குழல் முனை ஒரு சாண் கீழே போயிற்று. கொஞ்ச நேரம் ரைபிளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அந்த இருபத்திரண்டு எவ்வளவுன்னு சொன்னாங்க அண்ணா?" என்றான்.